நாய்க்கும் ஓர் இடம் வேண்டுமோ?

மக்களோடு கூடிவாழும் உயிர்களுள் நாயைப்போல் மக்களுக்கு அணுக்கமானது பிறிதில்லை. ஆவும் எருதும் நமக்கு உழைத்துத் தொழுவத்தில் உறங்குவன; நாயோ நம் வாயிற்படியிலேயே உறங்குவது. நாம் உண்டெஞ்சியதை உண்டு, நம் அடிச்சுவட்டை மோந்து, நம் குரலைக் கேட்டு வாலைக் குழைத்து நிற்பது. இத்துணை அணுகி வந்த ஓர் உயிரின் பொருட்டே அண்டை வீட்டார் இருவர் ஒருவரோடொருவர் பேசாதிருத்தலும், ஒரு தெருவார் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்றலும், வழக்கு உச்சநீதிமன்றம் வரை செல்லுதலும் இந்நாளில் நாம் காணும் காட்சிகளாகும். நகரத்தின் நடுவே நாய்க்கென்று தனிப் பூங்கா அமைக்கலாமோ, ஆகாதோ என்பது அவ்வழக்குகளுள் ஒன்று. அதனைக் குறித்து, திருவல்லிக்கேணியை மனத்திற்கொண்டு, எமக்குத் தோன்றும் கருத்துக்கள் சிலவற்றை இம்மலரை வாசிப்போர்முன் வைக்க விழைகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவராதலின் முதற்கண் சொல்லினின்று தொடங்குதல் எமக்கு இயல்பு. நாய்க்கு நம் மொழியில் ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனப் பெயர்கள் பல உள. ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு என உரையாசிரியர் குறித்தனர். ஆசிரியர் தொல்காப்பியனார் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாயின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் குருளை என்னும் ஒரு பெயரையே உரியதாக்கினார். காட்டை ஆளும் விலங்கின் மகவும் தெருவில் திரியும் விலங்கின் மகவும் இலக்கணத்தின்முன் நிகராயின! நட்பின் உறுதிக்கு நாயை உவமை கூறிற்று நாலடியார். அந்நாய்தானே, அடியார்கள் தம்மைத் தாழ்த்திக் கூறுங்கால் நாயேன் என்னும் சொல்லாகவும், நாம் பிறரை வையுங்கால் வசைமொழியாகவும் அமைந்தது. நன்றிக்கு எல்லையாவதும் நாய். இழிவுக்கு எல்லையாவதும் நாய். இந்த இருமனம் நூல்களில் மட்டும் உள்ளதன்று. நம் தெருக்களிலும் உள்ளது. ஒரே திண்ணையில் ஒருவர் சோறிடுகின்றார், மற்றொருவர் கல்லெடுக்கின்றார்.

இனி நாய்ப் பூங்கா என்பது யாது எனக் காண்போம். வேலியால் அடைக்கப்பெற்ற ஒரு வெளி. அதனுள் வளர்ப்பு நாய்களைக் கழுத்துவாரினின்றும் அவிழ்த்து ஓடவிடலாம். உடையவர் உடனிருந்து காத்தல் வேண்டும். கழிவை அவரே அகற்றல் வேண்டும். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் 1979ஆம் ஆண்டில் தொடங்கிய ஓலோனி நாய்ப் பூங்காவே அந்நாட்டில் இவ்வகையில் முதலாவது என்பர். நிலத்தடி இருப்புப்பாதை இடுவதற்காக வெறுமையாக்கப்பட்ட நிலம் அங்கே கிடந்தது. நாய் வளர்ப்போர் அதிற் கூடத் தொடங்கினர். நகராட்சி அதனை ஒரு சோதனையாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் ஐதராபாத் மாநகராட்சி 2018ஆம் ஆண்டில் கொண்டாப்பூரில் ஏறத்தாழ 1.3 ஏக்கர் பரப்பில், குப்பை கொட்டிவந்த நிலத்தைத் திருத்தி, நாய்களுக்கென ஒரு பூங்கா திறந்தது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும், பீஷான் ஆங் மோ கியோ பூங்கா போன்ற பெரும் பூங்காக்களினுள் நாய்கள் ஓடுதற்கென அடைப்பிட்ட இடம் உண்டு. இவற்றுள் ஒன்று நோக்கத்தக்கது. பெர்க்லியில் வெற்று நிலமும், ஐதராபாத்தில் குப்பை நிலமும், சிங்கப்பூரில் மிகப் பெரிய பூங்காவின் ஒரு மூலையும் நாய்க்கு உரியவாயின. குழந்தைகள் ஆடும் சிறு பூங்காவைப் பறித்து நாய்க்குக் கொடுத்தார் இம்மூவிடத்தும் இலர்.

வெற்று நிலம் இல்லாத விடத்து நேர்வது யாது என்பதற்குப் பெங்களூர் சான்றாகும். ஆங்குள்ள கப்பன் பூங்காவிற்கு நாய்களை அழைத்து வருவோர் பலர். வாரின்றி அவிழ்த்து விடுகின்றனர், கழிவை அகற்றுகின்றிலர் என்று நடைப்பயிற்சிக்கு வருவோர் முறையிட்டனர். தோட்டக்கலைத் துறையினர் 2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாய்கள் அப்பூங்காவினுட் புகுதலைத் தடுக்கக் கருதினர். உடனே நாய் வளர்ப்போர் திரண்டெழுந்து எதிர்த்தனர், தடை நிறுத்திவைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரந்த பூங்காவிலேயே இவ்வாறாயின், ஒரு கூடத்தின் அளவே உடைய பூங்காக்களைக் கொண்ட நம் பகுதியின் நிலை என்னாகும்?

நம் நகரத்தில் இவ்வழக்கு வெறும் சொற்போராய் நில்லாது குருதியையும் கண்டது. 2024ஆம் ஆண்டு மேத் திங்களில், திருவல்லிக்கேணிக்கு அணித்தாகிய ஆயிரம்விளக்குப் பகுதியில், மாடல் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், ராட்வீலர் இனத்து வளர்ப்பு நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. அவை தெருவில் திரிந்த நாய்கள் அல்ல. வீட்டில் வளர்ந்த நாய்கள். இதனை நாம் மறத்தலாகாது. நாய்த் தொல்லை என்றவுடன் தெருநாயையே சுட்டுகின்றோம். ஆயின் உடையவர் உள்ள நாயும், உடையவர் கடமை தவறின், உடையவர் இல்லாத நாயினும் கொடிதாதல் கூடும். அந்நிகழ்ச்சிக்குப்பின் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுதல், பொதுவிடத்தில் வாரிட்டு நடத்துதல், கடிக்கும் இயல்புடையவற்றிற்கு வாய்க்கூடு அணிவித்தல் ஆகியவற்றை மாநகராட்சி வற்புறுத்தலாயிற்று.

இந்நிலையில் இரு திறத்தாரும் கூறும் காரணங்களை நடுநின்று கேட்டல் வேண்டும்.

நாய்ப் பூங்கா வேண்டுவோர் கூறுவது இது: அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் அடைபட்ட நாய் ஓடவும் பிற நாயோடு பழகவும் இயலாது மனங்கலங்குகின்றது, கலங்கிய நாயே குரைக்கின்றது, கடிக்கின்றது, வேலியிட்ட ஒரு வெளி இருப்பின் தெருவிலும் குழந்தைகள் பூங்காவிலும் அவற்றை அவிழ்த்துவிடும் தேவை இராது. இதில் உண்மை உண்டு. தனித்து வாழும் முதியோர் பலர்க்கு அந்நாயே பேச்சுத்துணை என்பதும் உண்மை.

வேண்டாதார் கூறுவது இது: மக்களுக்கே மூச்சுவிட வெளியில்லாத ஊரில் நாய்க்கு வெளி தேடுவது செல்வர்தம் விளையாட்டு, குரைப்பொலியும் முடைநாற்றமும் அடுத்த வீட்டார்க்கே வந்து சேரும், குழந்தையும் முதியோரும் அஞ்சி ஒதுங்குவர். இதிலும் உண்மை உண்டு. மேலும், திருவல்லிக்கேணிக்கே உரிய ஒரு காரணமும் இங்கு உண்டு. நீராடித் திருக்கோயிலுக்குச் செல்லும் வைணவப் பெரியாரும், உடல் தூய்மை செய்துகொண்டு தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் அன்பரும் நாயின் தீண்டலை விலக்குவர். அது கொடுமையன்று, அவர்தம் ஒழுக்கம். அதனை எள்ளி நகையாடுவோர் இவ்வழக்கைத் தீர்க்க வல்லுநர் அல்லர்.

அங்ஙனமாயின் எச்சமயத்தார் நூலும் நாயைப் புறக்கணித்ததோ எனின், இல்லை. தன்னுடன் வந்த நாயை விட்டு விண்ணுலகு புகேன் என்று நின்ற தருமனை மகாபாரதம் காட்டுகின்றது. விடாய்த்த நாய்க்கு நீர் வார்த்தவர் இறைவனது மன்னிப்பைப் பெற்ற செய்தி இசுலாமிய மரபில் நன்கறியப்பட்டது. செல்வன் வாயிலில் கிடந்த இலாசருவின் புண்களை நாய்கள் வந்து நக்கின என லூக்கா எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. அவ்வாயிலில் அவ்வேழையை அணுகி வந்தன யாவை, அணுகாதிருந்தார் யாவர் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நாணம் உண்டாகின்றது. ஆகவே நாயை ஒதுக்கும் ஒழுக்கமும் நாய்க்கு இரங்கும் அறமும் ஒரே நெஞ்சில் உடன் வாழக்கூடியன.

இனித் திருவல்லிக்கேணியை நோக்குவோம். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகள். 1795ஆம் ஆண்டில் எழுந்த வாலாஜா பள்ளிவாசல். ஜாம் பஜாரின் காய்கறிக் கடைகளும் கறிக்கடைகளும். பாரதி சாலையின் பழம்புத்தகக் கடைகள். வெளியூரினின்றும் வேலைதேடி வந்த இளைஞர் ஓரறையில் மூவரும் நால்வருமாய்த் தங்கும் மேன்ஷன்கள். இவ்வளவிற்கும் இடையே வெற்றிடம் எங்கே உளது? கிழக்கே கடற்கரை உண்டு; அதுவோ நகரம் முழுவதற்கும் உரியது. ஆகவே இங்குத் தெருவே பூங்கா, தெருவே முற்றம், தெருவே மைதானம். பகலில் அங்குச் சிறுவர் மட்டைப்பந்து ஆடுகின்றனர், மாடுகள் அசைபோடுகின்றன, இரவில் நிறுத்திய வண்டிகளின்மேல் நாய்கள் உறங்குகின்றன. 2023ஆம் ஆண்டில் இப்பகுதித் தெருவிலேயே மாடு முட்டியதால் முதியவர் ஒருவர் உயிர்நீத்தார். ஒழுங்கின்றி இடத்தைப் பங்கிட்டுக் கொண்டால் விளைவது இதுவே.

இங்கே வேலியிட்டு ஒரு நாய்ப் பூங்கா அமைப்பின், அதிற் புகுவன வீட்டு நாய்கள் மட்டுமே. எண்ணிக்கையில் மிக்கனவும் வழக்கிற்குப் பெரிதும் காரணமாவனவும் ஆகிய தெருநாய்கள் வேலிக்குப் புறத்தேதான் நிற்கும். 2018ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 57 ஆயிரமாய் இருந்த சென்னைத் தெருநாய்கள், 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் எனக் கண்டறியப்பட்டன. எனவே நாய்ப் பூங்கா என்னும் வினாவைத் தெருநாய் என்னும் வினாவினின்றும் பிரித்து விடையிறுத்தல் இயலாது.

தெருநாயை என்செய்வது என்பது புதிய வினாவன்று. 1832ஆம் ஆண்டில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுமாறு கும்பினியார் ஆணை பிறப்பித்தனர். காவலர் வீட்டு நாய்களையும் கொல்லத் தலைப்பட்டனர். நாயைப் பெரிதும் போற்றும் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர், பிற சமயத்தாரும் சேர்ந்தனர், கடைகள் அடைபட்டன. அந்நகரத்தின் முதற்கலகம் என வரலாற்றார் கூறுவது அந்நாய்க் கலகமேயாம். ஆங்கு 1834ஆம் ஆண்டில் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முதலியோர் தோற்றுவித்த பாஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகம் அக்கலகத்தின் பின்விளைவே.

நம் சென்னையிலும் நாயைப் பிடித்துக் கொல்லும் முறையே நெடுங்காலம் நிகழ்ந்தது. கொல்லக் கொல்ல நாய்கள் குறைந்தனவோ எனின், குறைந்தில. ஏன்? ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அத்தெருவின் எச்சில் அகலுவதில்லை. உணவும் இடமும் வெறுமையாகவே, அடுத்த தெருவின் நாய்கள் வந்து புகும்; புதியன குட்டியிட்டுப் பெருகும். இதனை உணர்ந்து, 1959ஆம் ஆண்டில் இந்நகரத்தில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பினர் 1964ஆம் ஆண்டு முதல் நாய்களுக்குக் கருத்தடை செய்து அவ்விடத்திலேயே விடும் முறையை வற்புறுத்தி வந்தனர். 1996ஆம் ஆண்டில் மாநகராட்சி கொலையை நிறுத்தி அம்முறையை மேற்கொண்டது. பின்னர் 2001ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் நடுவணரசு இயற்றிய கருத்தடை விதிகளால் அது நாடு முழுவதற்கும் உரிய முறையாயிற்று. இவ்விதிகட்குத் தாயாகிய 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்திற்கு வித்திட்டவர், மாநிலங்களவையில் அதற்கென மசோதா கொணர்ந்த ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார். 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அடையாற்றில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் இரக்கம் நாட்டின் சட்டமாயிற்று என்பது சென்னையார் பெருமிதம் கொள்ளற்பாலது.

ஆயினும் இரக்கம் சட்டமாயினமட்டிற் போதாது. கருத்தடை முறை பயன் தரவேண்டுமாயின், ஒரு பகுதியிலுள்ள நாய்களிற் பெரும்பாலானவற்றிற்கு அது விரைந்து செய்யப்படுதல் வேண்டும். பத்தில் இரண்டுக்கோ மூன்றுக்கோ செய்து நிறுத்தினால், எஞ்சியவை அக்குறையை ஓராண்டில் ஈடுசெய்துவிடும். நமக்கு அண்மையில் லாயிட்ஸ் காலனியில் மாநகராட்சியின் கருத்தடை நிலையம் ஒன்று உண்டு. காதின் நுனியில் சிறு வெட்டு உள்ள நாய் கருத்தடை செய்யப்பெற்றது என்பது அடையாளம். நம் தெருவில் அவ்வடையாளம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணியறிந்தவர் நம்முள் எத்தனைபேர்?

அறிய வேண்டுவது ஏன்? உயிர் அதன்மேல் நிற்கின்றது. வெறிநோய் மக்களைப் பற்றுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியாலேதான்; அறிகுறி தோன்றியபின் பிழைத்தல் இல்லையென்றே சொல்லலாம். பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் தடுப்பூசி கண்டார். குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் நிலையம் தோன்றிற்று. மருந்து நம் வாயிலிலேயே இருந்தும் நம் நாட்டில் ஏழைக் குழந்தைகள் இன்றும் மாள்கின்றனர். கடிபட்டவுடன் பதினைந்து நிமிடம் சவுக்காரமிட்டு ஓடுநீரிற் கழுவுதலும், காலந்தாழ்த்தாது ஊசியிட்டுக்கொள்ளுதலும் உயிரைக் காக்கும் என்பதை அறியாத வீடுகள் பல. ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு எழுபதிற்குத் தடுப்பூசி இட்டால் அந்நோய் பரவுதல் அற்றுப்போம் என உலகச் சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். 2023ஆம் ஆண்டு நவம்பரில் இராயபுரத்தில் ஒரே நாய் இருபதின்மருக்கு மேற்பட்டோரைக் கடித்தது. அதற்கு வெறிநோய் இருந்தது பின்னர்த் தெரிந்தது. ஓரூசி அந்நாய்க்கு முன்னரே இடப்பட்டிருப்பின், அத்துணை வீடுகளில் அச்சம் புகுந்திராது.

2025ஆம் ஆண்டில் இவ்வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. ஆகஸ்டு 11ஆம் நாள் தலைநகரப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்குமாறு ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் மூவர் அமர்வு அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் நாய்களை எடுத்த இடத்திலேயே விடுக என்றும், வெறிநோயுற்றனவற்றையும் கொடியனவற்றையும் விடற்க என்றும், கண்ட தெருவில் உணவிடாது வார்டுதோறும் அதற்கென இடம் குறிக்க என்றும் கூறியது. நவம்பர் 7ஆம் நாள் நாடு முழுவதிலும் கல்விக்கூடங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இருப்புப்பாதை நிலையங்கள் முதலியவற்றினின்றும் நாய்களை அகற்றி, மீண்டும் ஆண்டு விடாது காப்பகத்தில் வைக்க ஆணையிட்டது. ஆதலின் இவ்வழக்கு நம் கல்லூரி வாயிலையும் வந்து தட்டியிருக்கின்றது. விடுதி உணவுக்கூடத்தின் வாயிலில் நாம் எறியும் ஒரு துண்டு ரொட்டியும் இனி நம் தனி விருப்பம் அன்று.

உணவிட இடம் குறித்தல் எளிதெனத் தோன்றும். ஆயின் எத்தெருவார் தம் வாயிலுக்கு எதிரே அவ்விடம் அமைய இசைவர்? நாய்க்கு இரங்குவோரும், "அடுத்த தெருவில் அமையட்டும்" என்பரேயன்றித் தம் தெருவைக் காட்டார். நாய்ப் பூங்கா வழக்கும் இதுவே. எல்லாரும் ஓரிடம் வேண்டுகின்றனர். ஒருவரும் தம் இடத்தைத் தாரார். நிலம் ஒன்றே; கேட்போர் பலர். எனவே நிலத்தைக் கூறிட்டுத் தீர்க்க முயல்வது திருவல்லிக்கேணியில் என்றும் முடியாத வழக்காம்.

எம் கருத்து இதுவே: நிலத்தைப் பங்கிட இயலாத ஊரில் பொழுதைப் பங்கிடுக.

இது நாம் அறியாத முறையன்று. திருவல்லிக்கேணி நூற்றாண்டுகளாய் இவ்வாறே வாழ்ந்து வருகின்றது. வைகறையிற் கோலமிடும் தெருவே காலையில் காய்கறி விற்கும் தெருவாகின்றது. பகலில் வண்டிகள் நெருங்கும் வீதியே திருவிழா நாளில் தேருக்கு வழிவிடுகின்றது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலைச் சூழ்ந்த சாலை தொழுகைக்கு வருவோர்க்கு இடங்கொடுக்கின்றது. ஓரிடமே பலர்க்கும் உரியதாயிருந்தும் பகை மூளாமைக்குக் காரணம், யார்க்கு எப்பொழுது என்பது யாவர்க்கும் தெரிந்திருத்தலேயாம்.

பிற நாட்டிலும் இம்முறை உண்டு. நியூயார்க் நகரத்துப் பூங்காக்கள் பலவற்றில் குறித்த பகுதிகளில் காலை 9 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் நாய்களை வாரின்றி விடலாம். ஏனைப் பொழுதில் வாரிட்டே நடத்தல் வேண்டும். உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் உடையவர் கையில் இருத்தல் வேண்டும். இம்முறையையும் எதிர்த்தோர் இருந்தனர், வழக்கும் நடந்தது, 2007ஆம் ஆண்டில் அது விதியாக நிலைபெற்றது. நம் நாட்டு 2023ஆம் ஆண்டு விதியும் இக்கருத்தைத் தன்னுட் கொண்டுளது. தெருநாய்க்கு உணவிடும் இடம் குழந்தைகள் ஆடுமிடத்தினின்றும் வாயில்களினின்றும் விலகியிருக்க வேண்டும் என்பதோடு, குழந்தைகளும் முதியோரும் நடமாடும் நேரத்தை நோக்கி உணவிடும் நேரத்தையும் குறிக்க வேண்டும் என அது கூறுகின்றது.

ஆதலின் யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, குழந்தைகள் பூங்கா எதுவும் நாய்ப் பூங்காவாக மாற்றப்படுதல் கூடாது. குப்பை கொட்டிக் கிடக்கும் வெற்றிடம் கிடைப்பின் ஐதராபாத்தைப்போல் அதனைத் திருத்தி அமைத்துக்கொள்க. இரண்டாவது, அத்தகைய இடம் கிடைக்காத பகுதியில், உள்ள மைதானம் ஒன்றில் விடியற்காலையில் ஒரு மணியும் இரவில் ஒரு மணியும் நாய்க்குரிய பொழுதாகக் குறிக்கப்படுக. உரிமமும் தடுப்பூசியும் இல்லாத நாய்க்கு அங்குப் புகவிடை இல்லை; கழிவை அகற்றாதவருக்கும் அடுத்த நாள் புகவிடை இல்லை. மூன்றாவது, தெருநாய்க்கு உணவிடும் இடமும் நேரமும் தெருவார் கூடி முடிவு செய்க. உணவிடுவோர் அவ்விடத்தைத் தூய்மை செய்வதோடு, அந்நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் நடைபெறச் செய்யும் பொறுப்பையும் ஏற்க. சோறிட்டு ஊசியிடாத இரக்கம் அரைகுறை இரக்கமே. நான்காவது, இவற்றை மேலிருந்து ஒருவர் ஆணையிடாது, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டுதோறும் அமைந்த பகுதி சபைகளில் பேசித் தீர்மானிக்க.

இதற்குச் சில தடைகள் கூறப்படலாம். "நாய் கடிகாரம் பாராது" என்பார் உளர். பகல் முழுதும் தெருமுனையிற் கிடந்துறங்கி, கறிக்கடை அடைக்கும் நேரத்தில் தவறாது வாயிலில் வந்து நிற்கும் நாய்களை அவர் ஜாம் பஜாரிற் கண்டிலர் போலும். பொழுது தவறுவது நாயன்று, அதனை நடத்துவோரே. "விதியை யார் காப்பார்?" என்பது அடுத்த தடை. வேலிக்கும் காவல் வேண்டுமன்றோ? காவலர் ஒருவரினும், தாம் கூடிச் செய்த விதியைத் தாமே காக்கும் தெருவார் வலியர். "அஞ்சுவோர் என்செய்வர்?" என்பது மூன்றாவது. அஞ்சுவோர்க்கு இப்பொழுது எந்நேரமும் அச்சமே. இன்ன நேரம் தவிர்த்து ஏனை நேரம் இங்கு அவிழ்ந்த நாய் இராது என்னும் உறுதி, அவர்க்கு இன்றில்லாத ஒரு நலமாகும்.

தெருவார் கூடி ஒன்று செய்தல் இயலுமோ என ஐயுறுவோர் திருவல்லிக்கேணியின் பழைய கதையை நினைவுகூர்க. 1904ஆம் ஆண்டில் இப்பகுதியார் சிலர் சிறு தொகைகளைத் திரட்டித் தமக்கு வேண்டும் பண்டங்களை நேர்மையான விலைக்குப் பெறுதற்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என நாடறிந்தது அதுவே. இந்தியாவிலேயே கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் மிக முற்பட்டது அது. அரிசிக்கும் பருப்பிற்கும் கூடிய அண்டையார், ஒரு தெருவின் பத்து நாய்களுக்கு ஊசியிடவும் ஒரு மைதானத்தின் இரண்டு மணிப்பொழுதைப் பகிரவும் கூடமாட்டாரோ?

மாணவ நண்பர்களே, இதில் நம் பங்கும் உண்டு. நாய் வளர்ப்போரும் வெறுப்போரும் ஒருவரை ஒருவர் பேசவிடாது செய்யும் வேளையில், இரு சாராரோடும் பேசக்கூடியவர் இளைஞர். விடுமுறை நாளொன்றில் ஒரு சிறு ஏட்டை எடுத்துக்கொண்டு தத்தம் தெருவில் நடக்கலாம். நாய்கள் எத்தனை, காதில் வெட்டுடையவை எத்தனை, குட்டியோடு கூடியவை எத்தனை, உணவிடுவோர் யாவர், கடிபட்டோர் யாவர் என எழுதலாம். அவ்வேட்டைப் பகுதி சபையில் வைப்பின், கூச்சல் குறைந்து கணக்கு பேசத் தொடங்கும். கடிபட்டால் செய்யத்தக்கதை மேன்ஷன்களிலும் குடிசைகளிலும் வாழ்வோர்க்கு எடுத்துரைக்கலாம். நம் கல்லூரியிலும் நாய்களை அகற்றும் ஆணை நிறைவேறுங்கால், அவை எங்குக் கொண்டுபோகப்படுகின்றன, அவற்றிற்கு உணவும் நீரும் மருத்துவமும் உளவோ எனக் கேட்டறிதல் அவற்றிற்குச் சோறிட்டு வந்த நம் கடனாகும்.

நாய்க்கும் ஓர் இடம் வேண்டுமோ என்று வினவினோம். வேண்டும் என்பதே எம் விடை. ஆயின் அவ்விடம் குழந்தையின் பங்கினின்று வெட்டியெடுத்ததாய் இருத்தலாகாது. நாம் நம் பொழுதினின்றும் பொறுப்பினின்றும் ஈந்ததாய் இருத்தல் வேண்டும். அடுத்த பகுதி சபை கூடும் நாளைக் கேட்டறிந்து, ஆங்குச் சென்று அமர்வோமாக.